இராணி மங்கம்மாளும் வந்த குடிகளும்

ஆவணி அவிட்டம் அணித்தாகி வருகின்றது. அன்று காலை மதுரையிலும் பரமக்குடியிலும் பெரியகுளத்திலும் ஏனைய ஊர்களிலும் நம் சௌராஷ்டிர மக்கள் நீராடிக் கூடிப் புதுப் பூணூல் அணிவர். அணிவோருள் எத்துணைப் பேர், இந்நூலின் பொருட்டு முன்னொரு காலத்தில் நம்மவர் 18 பேர் மதுரையிற் சிறைப்பட்டனர் என்பதனை அறிவர்? முதியோர் சிலர் அறிவர், இளைஞர் அறியார். அப்பதினெண்மரை விடுவித்த பெண்ணரசியின் சரிதத்தை இத்திங்களில் வெளியிடுதல் பொருத்தமென்று கருதி, நாம் அறிந்தவாறு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இராணி மங்கம்மாள் என்னும் பெயரைக் கேளாத தமிழர் இலர். சாலையென்றால் மங்கம்மாள் சாலை. சத்திரமென்றால் மங்கம்மாள் சத்திரம். ஆயினும் இவ்வம்மையாரின் தாய்மொழி தமிழன்று, தெலுங்கென்பதனை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. நினையாமலிருப்பதே ஒரு வகையில் அவருக்குச் சிறப்பாகும். வந்த குடியினர் ஒருவரை அவ்வூரார் தம்மவரென்றே எண்ணி, எங்கிருந்து வந்தவரென்று கேட்பதனையும் மறந்துவிடுவாராயின், அவர்க்கு அதனினும் பெரிய பட்டம் யாது?

மதுரை நாயக்கர் ஆட்சி ஏறத்தாழ 1529-ஆம் ஆண்டில் விசுவநாத நாயக்கரால் நிறுவப்பெற்றது. அவர் விசயநகரப் பேரரசின் தானாபதியாய் வந்தவர். அவருக்குத் துணையாய் நின்ற அரியநாத முதலியாரோ தொண்டை மண்டலத்துத் தமிழர். இவ்விருவரும் கூடியே பாண்டி நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது வரலாறு. அவற்றுள் நம் போடிநாயக்கனூரும் ஒன்று. ஆகவே இவ்வூரில் நின்று மங்கம்மாளைப் பற்றிப் பேசுதற்கு நமக்கும் ஒரு சிறிது உரிமை உண்டு. கிழக்கே சமவெளியும் மேற்கே ஏலமலைச் சரிவும் கூடுமிடத்தில் அமைந்த இவ்வூரில், தமிழோடு தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரே கடைவீதியில் ஒலிக்கக் கேட்கலாம். நம் மொழியும் சிற்சில வீடுகளில் ஒலிக்கின்றது.

மங்கம்மாள், துபாகுல லிங்கம நாயக்கர் என்னும் படைத்தலைவரின் மகளார். திருமலை நாயக்கரின் பெயரரான சொக்கநாத நாயக்கரை (ஆட்சி 1659 முதல் 1682 வரை) மணந்தார். சொக்கநாதர் வீரமுடையவர், பொறுமையும் சூழ்ச்சித் திறனும் அவருக்குக் குறைவு. தலைநகரை மதுரையினின்று திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார்; அங்கே மாளிகை எழுப்புதற்காகத் தம் பாட்டனார் மதுரையிற் கட்டிய அரண்மனையின் ஒரு பகுதியை இடித்துப் பெயர்த்துக் கொண்டுபோனார். தஞ்சை நாயக்கரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டதனால் சினந்து படையெடுத்து 1673-இல் தஞ்சையை வென்றார். வென்ற தஞ்சை சில ஆண்டுகளுக்குள்ளேயே மராட்டியர் ஏகோசியின் கைக்குப் போயிற்று. இவ்வாறு ஒவ்வொன்றாய் இழந்து நொந்து 1682-இல் மாண்டார்.

அக்காலத்து அரச குலத்தில் கணவனோடு தீப்புகுதல் வழக்கம். மங்கம்மாள் அவ்வாறு செய்திலர். மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் இளம்பருவத்தினர். நாடோ நாற்புறமும் பகைவராற் சூழப்பட்டிருந்தது. உயிர் வைத்திருந்து மகனுக்கு வழிகாட்டினார். அம்மகன் துணிவுடையவன். டில்லி பாதுசாவின் பாதுகையை யானைமேல் ஏற்றி அனுப்பி, எதிர்கொண்டு வணங்கவேண்டுமென்று முகலாயர் கேட்டபொழுது, இவ்விளைஞன் அதனை மதியாது அவமதித்தான் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. ஆனால் 1689-இல் வைசூரி கண்டு இறந்தான். அவன் மனைவி சின்ன முத்தம்மாள் அப்பொழுது கருவுற்றிருந்தாள். மாமியார் தேற்றித் தடுத்தமையாற் பிள்ளைப்பேறு வரை உயிர் வைத்திருந்து, விசயரங்க சொக்கநாதனைப் பெற்றபின் தானும் உயிர் துறந்தாள். கணவன், மகன், மருமகள் மூவரையும் இழந்த மூதாட்டியின் மடியில் ஒரு கைக்குழந்தையும் ஒரு நாடும் ஒருங்கே வந்து சேர்ந்தன.

இந்நிலையிற் குழந்தைக்கு முடிசூட்டி, அதன் பெயரால் மங்கம்மாள் 1689 முதல் ஏறத்தாழ 1706 வரை ஆண்டார். போர்களை நாம் விரிக்கப் போவதில்லை. போர்ப்பட்டியல் பள்ளிப் பிள்ளைகளையே உறங்கச் செய்யும் என்பதனை வகுப்பறையிற் பலமுறை கண்டிருக்கின்றோம். செஞ்சியை முற்றியிருந்த முகலாயப் படைத்தலைவன் சுல்பிகர்கானுக்குத் திறை செலுத்தி நாட்டைக் காத்தார். மகன் பாதுகையை அவமதித்தான். தாய் பொன் கொடுத்தார். இருவருள் யார் செய்தது பெருமையெனின் மகன் செய்ததென்போம். யார் செய்தது குடிகளுக்கு நலமெனின் தாய் செய்ததென்போம். 1697-இல் தளவாய் நரசப்பையர் திருவிதாங்கூரின்மேற் சென்று வென்றார். 1700-இல் தஞ்சையோடு போர் நிகழ்ந்தது. 1702-இல் கிழவன் சேதுபதியோடு நிகழ்ந்த போரில் நரசப்பையர் மாண்டார், மதுரைப்படை தோற்றது. அதன்பின் மறவர் நாட்டின்மேல் மதுரையின் கை ஓங்கவில்லை.

ஒன்று மட்டும் சிறிது நின்று நோக்கத்தக்கது. மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணையிட்டு நீரைத் தடுத்தார். அதனால் திருச்சிராப்பள்ளிச் சீமையும் தஞ்சைச் சீமையும் ஒருங்கே வறண்டன. அதுகாறும் ஒன்றோடொன்று பொருத மதுரையும் தஞ்சையும், ஒன்று தெலுங்கர் ஆட்சி, மற்றொன்று மராட்டியர் ஆட்சி, தமிழ் உழவர் பொருட்டுக் கை கோத்து மைசூரின்மேற் படையெடுக்க ஆயத்தமாயின. படை புறப்படுமுன்னரே மேல்நாட்டிற் பெருமழை பெய்து அணையை உடைத்துவிட்டது. ஆண்டவர் இருவரும் வந்தேறியவர். இருப்பினும், எந்நிலத்து நெல்லை உண்டனரோ அந்நிலத்து வயல் காய்வதனைத் தம் வயல் காய்வதாகவே கருதினர் என்பது இதனாற் புலனாகின்றது.

நீரை முன்னிட்டு மனிதர் வேறுபடுதலை நாமும் கண்டிருக்கின்றோம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாற்று வழக்கு முற்றிய காலையில், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களிற் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர் பலர், மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் சுமந்து, போடிமெட்டு வழியாக மலையிறங்கி வந்தனர். அதே நாட்களில் கீழே நம் மாவட்டத்து ஊர்களில் மலையாளிகளின் கடைகளும் தப்பவில்லை. மேலே ஒரு நியாயம், கீழே ஒரு நியாயம் என்று பேசினோர்க்கு அன்று குறைவில்லை. பூசல் தணிந்தபின் தொழிலாளர் மீண்டும் மலையேறினர். பழுத்த ஏலக்காயைப் பறிக்கக் கை வேண்டுமன்றோ? நிற்க.

மங்கம்மாள் ஆண்ட சீமையும் பல சமயத்தவரும் பல மொழியினரும் மிடைந்தது. மதுரை நகரில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலைச் சூழ்ந்த ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளில் அந்தணரும் வேளாளரும் செட்டிகளும் தெலுங்கரும் கன்னடரும் தத்தம் தெருவமைத்து வாழ்ந்தனர். அம்மையார் வைணவ குடும்பத்துச் சடங்குகளையும் விடவில்லை. மீனாட்சியம்மையிடத்து அன்பும் குறைந்திலர். முகம்மதியர் தர்காவிற்குக் கிராமங்களை மானியமாக விட்டமைக்குச் சாசனம் உண்டு. கிறித்துவப் பாதிரிமார் அவர் நாட்டிற் பெரும்பாலும் தடையின்றி உலவினர். 1693-இல் மறவர் நாட்டு ஓரியூரில் அருளானந்தர் என்னும் பிரிட்டோ பாதிரியார் தலை துணிக்கப்பட்டார். அக்காலத்திலேயே மங்கம்மாளின் நாட்டில் பூஷே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தளவாய் நரசப்பையரால் மரியாதையோடு வரவேற்கப்பட்டார். அவர் அளித்த காணிக்கைகளுள் ஒரு பூகோள உருண்டையும் இருந்தது. அதில் நாடுகளின் பெயர்கள் தமிழில் எழுதப்பட்டிருந்தனவாம். தெலுங்கரசியின் அவையிற் பிரெஞ்சுக்காரர் தமிழெழுத்துப் பொறித்த உலகத்தை உருட்டிக் காட்டிய காட்சியை எண்ணுந்தோறும் நமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது.

இனி நம் கதைக்கு வருவோம். நம்மவர் மதுரைக்கு வந்தது ஒரே நாளிலன்று, ஒரே வழியிலுமன்று. இலாட தேயத்தினின்று தசபுரத்திற்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே கதிரவனுக்குக் கோயில் எடுப்பித்தமையை மந்தசோர்க் கல்வெட்டு கூறுகின்றது. அவரை நம்மவர் பலர் தம் முன்னோரெனப் பெருமையோடு கூறிக்கொள்வர். பின்னர்த் தேவகிரியினும் அதன்பின் விசயநகரத்தினும் தங்கி, அவ்வரசுகள் குலைந்தபொழுதெல்லாம் தறியைத் தூக்கிக்கொண்டு தெற்கே நகர்ந்தனர் என்பது நம் மரபுச் செய்தி. திருமலை நாயக்கர் காலத்தில் (1623 முதல் 1659 வரை) அவர் அரண்மனையைச் சூழ்ந்த தெருக்களில் நம்மவர் நிலைபெற்றனர். அரசர்க்குப் பட்டு வேண்டியிருந்தது. நம்மவர்க்கு இடம் வேண்டியிருந்தது. இதில் மறைக்கத்தக்கது யாதுமில்லை. ஊரார் நம்மைப் பட்டுநூற்காரர் என்று தொழிலாற் பெயரிட்டு அழைத்தனர்.

வந்த வழியெல்லாம் நம் மொழியிற் படிந்திருக்கின்றது. அடிப்படை கூர்ச்சரத்தோடு உறவுடையது. அதன்மேல் மராட்டியும், அதன்மேல் தெலுங்கும், அதன்மேல் தமிழும் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்தன. தண்ணீரைப் பாணியென்றே இன்றும் வீட்டிற் கேட்கின்றோம். வாயிற்படி கடந்தாற் தண்ணீரென்கின்றோம். இரண்டினாலும் தாகம் தீர்கின்றது. சிலர் இதனைக் கலப்பென்று இழித்துரைப்பர். நாம் அவ்வாறு கருதோம். திருமணப் பேச்சில் எங்கிருந்து எவ்வழியாக வந்தோமென்று வினாவும் விடையுமாக மொழிந்த பௌலா வழக்கத்தை நம் முன்னோர் போற்றி வைத்தது, வந்த வழியை மறவாமைக்கே. தமிழ்ப் புலமைத் தேர்வுக்கு நாம் பயின்ற காலத்தில், வீட்டு மொழி வேறாயிருக்கத் தமிழ் உனக்கு வருமோ என்று கேட்டாரும் உளர். மதுரையிற் பிறந்த நம் குலத்தினரான டி. எம். சௌந்தரராஜன் (1922 முதல் 2013 வரை) தமிழ்நாடெங்கும் தமிழ்ச்சொல்லைத் தெளிவுற உச்சரித்துக் காட்டியபின் அக்கேள்வி ஓய்ந்தது, முற்றும் ஓயவில்லை.

மங்கம்மாள் காலத்து வழக்கு இவ்வாறு எழுந்தது. மதுரையில் நம்மவர் 18 பேர் ஆவணி அவிட்டத்து உபாகருமத்தைச் செய்தனர். நெசவுத்தொழில் செய்வார் இச்சடங்கு செய்தற்கு உரியரல்லர் என்பது எதிர்ப்பு. மதுரையை மேற்பார்த்த அதிகாரி அவர்களைப் பிடித்துச் சிறையிட்டார். செய்தி இராணியின் திருமுன் சென்றது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சியாளர் செய்யக்கூடியவை பல. பதினெண்மர் தாமே, அபராதம் விதித்து விடுக என்றிருக்கலாம்; பெரும்பான்மையோரைப் பகைத்துக்கொள்வானேன் என்று வாளாவிருந்திருக்கலாம்; அல்லது தம் விருப்பப்படி ஒரு கட்டளை பிறப்பித்திருக்கலாம். மங்கம்மாள் இவற்றுள் எதனையும் செய்திலர். சாத்திரம் வல்ல அறிஞரைக் கூட்டி, இரு திறத்தினர் கூற்றையும் ஆராயச் செய்தார். அவர்களது முடிவு நம்மவர்க்குச் சார்பாயிற்று. அதன்படி 1705-இல் ஓலைப்பட்டயம் ஒன்று அளிக்கப்பெற்றது. பதினெண்மரும் விடுபட்டனர்.

இப்பட்டயத்தை நம் சபைக் கூட்டங்களில் எடுத்துரைக்கும் பொழுதெல்லாம் கைதட்டல் எழும். நாமும் தட்டியிருக்கின்றோம். ஆயினும் நடுநிலையில் நின்று ஆராயுங்கால் இரண்டொன்று கூறவேண்டியிருக்கின்றது, அன்பர்கள் பொறுத்தருள்க.

முதலாவது, அன்று நம் முன்னோர் கேட்டது யாது? இந்நகரில் எல்லாரும் ஒரு நிறையாதல் வேண்டுமென்று கேட்டிலர். ஏணியில் எமக்குரிய படியைக் காட்டுக என்றே கேட்டனர். வந்த ஊரின் வழக்கை ஏற்றுக்கொள்ளும் குடி, அதன் நன்மையோடு அதன் குற்றத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கின்றது. அதே மதுரையில், ஓலையும் அவையும் எட்டாத தொலைவில் நின்றவர் எத்துணையோ பேர். அவர்க்கு மீனாட்சியம்மன் கோயிலின் வாயில் 1939 ஜூலை 8-ஆம் நாளன்றுதான், வைத்தியநாத ஐயர் முன்னின்று அழைத்துச் செல்லத் திறந்தது. நமக்குப் பட்டயம் கிடைத்ததற்கும் அவர்க்கு வாயில் திறந்ததற்கும் இடையே 234 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் நாம் கோயிலுக்குள் நின்றிருந்தோம் என்பதனை மறத்தலாகாது.

இரண்டாவது, காலம் விளைத்த ஒரு வேடிக்கை. அந்தணரென்பதற்கு ஓலை காட்டிய நாமே, இன்று தமிழ்நாட்டரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கின்றோம். ஒரு கையில் மங்கம்மாளின் ஓலையும் மறு கையில் வட்டாட்சியரின் சாதிச் சான்றிதழும் உடைய குடும்பங்கள் நம்முட் பல. இரண்டும் பொய்யல்ல. சடங்கால் ஒரு நிலையும், தறியின் முன் அமர்ந்து உண்ட கூழால் மற்றொரு நிலையும் உடைய மக்களை அரசுகள் தத்தம் காலத்துக்கேற்ற கண்ணாடி கொண்டு நோக்கின, அவ்வளவே. இதுபற்றி நாணுவாரும் செருக்குவாரும் நம்முள் இருக்கின்றனர். இரண்டிற்கும் இடமில்லை என்பது நம் கருத்து.

இவ்வளவும் கூறியபின்னும் மங்கம்மாளின் பெருமை குறையவில்லை. வளர்கின்றது என்றே கூறுவோம். அவரும் வந்த குடியினர். வந்த குடியினர் தமக்குப் பின் வந்த குடியினரிடத்தே கடுமை காட்டுதல் உலகியல்பு. புகைவண்டியில் முன்னரே இடம்பிடித்து அமர்ந்தவர் அடுத்து ஏறுவோரைப் பார்க்கும் பார்வையை அறியாதார் யார்? அவ்வியல்பு இவ்வம்மையாரிடம் இல்லை. தெலுங்கை விடுமாறு தம் குடியினரையும் கேட்டிலர். அவர் பெயரன் விசயரங்க சொக்கநாதன் தெலுங்கில் நூல்கள் இயற்றினான். நம் மொழியை விடுமாறு நம்மையும் கேட்டிலர். ஊரில் வாழ்தற்கு ஊரின் முறைமன்றத்துக்கு உட்பட்டால் போதும் என்பதே அவர் கொண்ட நெறியாகத் தோன்றுகின்றது.

சாலைகளையும் சத்திரங்களையும் பற்றி விரித்துரைத்தால் இவ்விதழ் முழுதும் போதாது. வெற்றிலையை ஒருநாள் மறதியாக இடக்கையால் வாயிலிட்டுக் கொண்டாராம். அதற்குக் கழுவாயாகவே அறங்கள் செய்தாராம் என்பது செவிவழிக் கதை. அதனை நாம் நம்பவில்லை. வெயிலில் நடந்து பாரஞ் சுமப்போரைக் கண்ட ஒருவர்க்கு நிழல்மரம் நடுதற்கு வெற்றிலை வேண்டுவதில்லை. மதுரைப் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே உள்ள சத்திரம் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. சத்திரத்தில் வழிப்போக்கனை எம்மொழியினன் என்று கேட்டுச் சோறிடும் வழக்கமில்லை. தறியைச் சுமந்து ஊரூராய் நகர்ந்த நம்மைப் போன்றவர்க்கு அரண்மனையினும் சத்திரமே அணுக்கமானது.

திருச்சிராப்பள்ளியில் அவர் பெயரால் வழங்கும் மண்டபத்தில் இன்று அரசு அருங்காட்சியகம் நடைபெறுகின்றது. மதுரைத் தமுக்கம் மாளிகையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கின்றது. மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டபத்து ஓவியத்தில், இளம் பெயரனோடு அம்மையார் திருக்கல்யாணத்தைக் கண்டு நிற்கும் கோலம் தீட்டப்பட்டுள்ளது. மதுரை செல்லும் நம்மவர் பொற்றாமரைக் குளத்தருகே சிறிது நின்று அண்ணாந்து நோக்குவாராக.

அவரது முடிவு துயரமானது. பெயரன் பருவமெய்தியபோது ஆட்சியை விட்டுக்கொடுக்க அம்மையார் தயங்கினார் என்றும், அவனைச் சார்ந்தோர் திரண்டு அவரை மதுரை மாளிகையிற் சிறைவைத்தனர் என்றும் கூறுவர். அமைச்சர் ஒருவரோடு தொடர்புபடுத்தி அவர்மீது பழிச்சொல்லும் பரப்பப்பட்டது. பதினேழாண்டு நாடு காத்த பெண்ணை வீழ்த்துதற்குப் பகைவர் எடுக்கும் முதற் படைக்கலம் எக்காலத்தும் அதுவே. சிறையில், கண்ணுக்குத் தெரியுமாறு உணவை வைத்துக் கைக்கு எட்டாதவாறு செய்து பட்டினியால் மாய்த்தனர் என்பது மதுரையில் வழங்கும் செய்தி. இதற்கு உறுதியான சான்று கிடைத்திலது. வரலாற்றறிஞர் பலர் ஐயுறுவர். ஊர் மக்களோ ஐயுறுவதில்லை. ஊர் கடந்தோரெல்லார்க்கும் சோறிட்டவள் சோறின்றி மாண்டாள் என்று நம் பாட்டிமார் தறியடியில் அமர்ந்து, பாதி தமிழிலும் பாதி நம் மொழியிலும், சொல்லக் கேட்டிருக்கின்றோம். அம்மாளிகை நின்றதாகக் கூறப்படும் இடத்தில் பிற்காலத்தே மதுரையின் காய்கறிச் சந்தை நெடுநாள் கூடிவந்தது.